உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஓவியம்: முதல் பன்னிரண்டு வாரங்களை நடத்துவது எப்படி?

ஒன்பதாம் வகுப்புக்குள் போய், "ஒரு இயற்கைக் காட்சி வரையுங்கள்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் பாதிக்கு மேல் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, பக்கத்தில் வளைந்த தென்னை, மலையடியிலிருந்து இறங்கும் ஆறு, வானத்தில் நாலைந்து காக்கை. ஊரைச் சுற்றிப் பத்து மைலுக்கு ஒரு குன்றுகூட இல்லாத டெல்டாப் பிள்ளையும் இதையேதான் வரையும்.

இதைப் பார்த்துக் கோபப்பட வேண்டியதில்லை. இரண்டாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையைப் பார்த்துப் படித்துக்கொண்ட படம் அது. உண்மையில் அவர்கள் வரையவே இல்லை, எழுதுகிறார்கள். 'மலை', 'வீடு', 'மரம்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி மனப்பாடமாகியிருக்கிறது, அதைத் தாளில் வைக்கிறார்கள். கண்ணுக்கும் கண்ணீர்த்துளி மாதிரி ஒரு குறி, கைக்கும் ஒரு குறி. பதினான்கு வயதில்தான் அந்தக் குறிகள் போதவில்லை என்பது அவர்களுக்கே தெரிய வருகிறது. "எனக்கு டிராயிங் வராது சார்" என்ற பேச்சு தொடங்குவதும் அந்த வயதில்தான். ஆகவே இந்தப் பன்னிரண்டு வாரத்தில் நாம் செய்யப்போவது ஒரே வேலை: தெரிந்ததை எழுதுவதிலிருந்து, எதிரே இருப்பதைப் பார்த்து வரைவதற்குப் பிள்ளைகளைக் கொண்டுபோவது. கீழே வரும் பயிற்சிகள் எல்லாம் அதற்கான வழிகள்தான்.

வாரத்துக்கு நாற்பது நிமிடப் பாடவேளை இரண்டு என்று கணக்கு வைத்திருக்கிறேன். ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் காலத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், பயிற்சிகளைக் குறைக்காதீர்கள்.

சாமான்களும் உட்காரும் விதமும்

எச்.பி., 2பி, 4பி என்று மூன்று பென்சில், ஒரு ரப்பர். அவ்வளவு போதும். பி-க்கு முன்னால் உள்ள எண் கூடக்கூட முனை மென்மையாகும், கோடு கறுக்கும். ஷார்ப்னர் முனையைக் குட்டையாக்கிவிடும். பிளேடால் சீவி, கரி ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் பக்கவாட்டில் சாய்த்து நிழல் போட வசதி. பிளேடைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், முதல் நாளே எல்லாருக்கும் நீங்களே சீவிக் கொடுத்துவிடுங்கள்.

டிராயிங் நோட்டை முதல் இரண்டு மாதம் திறக்கவே வேண்டாம். விலை கொடுத்து வாங்கிய வெள்ளைத் தாளைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குக் கை உறைந்துபோகிறது. கெட்டுப்போனால் அம்மா திட்டுவார் என்ற பயம். ஒரு பக்கம் அச்சான தாள்கள் எந்த அலுவலகத்திலும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். அதன் மறுபக்கம்தான் கற்றுக்கொள்ள ஏற்ற தாள்.

அப்புறம் எக்ஸாம் பேட். ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும், அதுதான் நம் ஓவியப் பலகை. கீழ் விளிம்பை மடியில் வைத்து, மேல் விளிம்பை மேசையில் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாளை மேசையில் படுக்க வைத்து வரைந்தால் அதன் மேல்பகுதி கண்ணுக்குத் தள்ளிப்போய்ச் சுருங்கித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தன்னாலேயே மேல்பகுதியை நீட்டிவிடும். நேரே பார்த்து வரைந்த குடத்துக்குக் கழுத்து ஏன் நீண்டுபோனது என்று பிள்ளை முழிக்கும். பலகையைச் சாய்த்தாலே இந்தப் பிழை பெரும்பாலும் போய்விடும்.

முதல் நாள்: எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள்

"உங்கள் இடது கையை மேசைமேல் வைத்துப் பார்த்து வரையுங்கள். பதினைந்து நிமிடம்." இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் வலது கையை வரையட்டும். உதவி செய்யாதீர்கள், கருத்தும் சொல்லாதீர்கள். முடிந்ததும் பெயரும் தேதியும் எழுதி வாங்கி உங்கள் பீரோவில் வைத்துவிடுங்கள். பன்னிரண்டாம் வாரம் இது தேவைப்படும்.

முதல் வாரம்: கோடு

பழைய செய்தித்தாளும் ஸ்கெட்ச் பேனாவும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு சாண் இடைவெளியில் இரண்டு புள்ளி. அவற்றை இணைக்க வேண்டும். எழுதுவதுபோல் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு இழுத்தால் கோடு வளையும், ஏனென்றால் மணிக்கட்டு ஒரு கீல், அது வட்டமாகத்தான் சுழலும். தோளிலிருந்து கையை நகர்த்த வேண்டும். தாளைத் தொடாமல் காற்றில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கண் பேனா முனையில் இருக்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்க வேண்டும். சைக்கிள் ஓட்டும்போது முன்சக்கரத்தையா பார்க்கிறோம்?

ஒரு பக்கம் நேர்க்கோடு, ஒரு பக்கம் வட்டம், ஒரு பக்கம் நீள்வட்டம் என்று ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடம் இதைச் செய்யட்டும். பாடகர் சாதகம் செய்வது மாதிரி, பன்னிரண்டு வாரமும் விடக் கூடாது. சின்னச் சின்னதாகக் கிள்ளிக் கிள்ளிப் போடும் கோடு வந்தால், புல் முளைத்த மாதிரி இருக்கும் அந்தக் கோட்டைக் காட்டி, அதையே ஒரே இழுப்பில் போடச் சொல்லுங்கள். தப்பாகப் போனாலும் பரவாயில்லை. தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோடு போடலாம், அழிக்க வேண்டாம். ஸ்கேலும் ரப்பரும் முதல் மாதம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

இங்கே நம் வகுப்புகளுக்கு ஒரு பெரிய சொத்து உண்டு. "மார்கழியில் வீட்டில் யார் கோலம் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். எழும் கைகளில் சில, "எனக்கு வராது" என்று சொன்ன பிள்ளைகளுடையவையாக இருக்கும். சிக்குக் கோலத்தில் கம்பியைப் புள்ளிகளைச் சுற்றி வளைத்து, தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கிற பிள்ளைக்குக் கோடு வராது என்றால் எப்படி நம்புவது? குனிந்து நின்று போடும்போது கை தோளிலிருந்துதான் அசைகிறது, கண் அடுத்த புள்ளிக்கு முன்கூட்டியே போய்விடுகிறது. நாம் சொல்லித்தருவது அதையேதான். அந்தப் பிள்ளைகளைக் கரும்பலகைக்கு அழைத்து எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வெறும் கோட்டால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களைக் காட்டுங்கள். கறுப்புக் கோடுகள்தான், ஆனால் அந்த நடையும் கூன் முதுகும் அப்படியே இருக்கும்.

இரண்டும் மூன்றும்: தாளைப் பார்க்காமல் வரைதல்

இந்தப் பன்னிரண்டு வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அவசரப்படாதீர்கள்.

பென்சிலை ஒரு சின்னத் தாளின் நடுவே குத்திச் செருகிக்கொண்டால், அந்தத் தாள் குடை மாதிரி கைக்கு மேல் நின்று, வரைவதை மறைத்துவிடும். இப்போது மறுபடியும் இடது கைதான். கட்டைவிரல் தொடங்கும் இடத்தில் கண்ணை வையுங்கள், பென்சிலையும் தாளில் வையுங்கள். அந்த விளிம்பில் ஒரு எறும்பு ஊர்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். எறும்பு போகும் வேகத்தில் கண் போக வேண்டும், கண் போகும் வேகத்தில் பென்சில் போக வேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது, பென்சிலை எடுக்கக் கூடாது. பத்து நிமிடம்.

முதலில் சிரிப்பு வரும், வரட்டும். இரண்டு நிமிடத்தில் வகுப்பு அடங்கிவிடும். வந்த படம் கையாகவே இருக்காது. விரல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், கோடு தாளுக்கு வெளியே போயிருக்கும். சத்தம் போட்டுச் சிரித்துப் பரிமாறிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் அவர்களை நிறுத்தி, படத்தின் ஒரு சென்டிமீட்டரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒருமுறை, முதல் நாள் ஐந்து வாழைப்பழத்தை ஒட்டவைத்தது மாதிரி கையை வரைந்த ஒரு மாணவி, இந்தப் பயிற்சியில் பத்து நிமிடத்தில் கட்டைவிரலைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் அந்தக் கட்டைவிரலின் மூட்டில் தோல் மூன்று மடிப்பாகச் சுருங்குவதும், நடு மடிப்பு மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதும், நகத்தின் ஓரத்தில் கடித்து எடுத்த இடத்தில் கோடு சட்டென்று உள்ளே ஒடுங்குவதும் அந்தத் தாளில் இருந்தன. தன் விரலையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கோட்டைத்தான் வகுப்புக்கு உயர்த்திக் காட்டினேன்.

மூன்றாம் வாரம் மறைப்புத் தாளை எடுத்துவிடலாம். பத்தில் எட்டுப் பங்கு நேரம் பொருளையும் இரண்டு பங்கு தாளையும் பார்க்க வேண்டும் என்பது விதி. கை, செருகிய சாவி, சுருட்டிய துணி, பப்பாளி இலை, எது வேண்டுமானாலும் கொடுங்கள். நேராகவும் சமச்சீராகவும் இருக்கும் பொருளை மட்டும் இப்போது தவிர்த்துவிடுங்கள்.

நான்காம் வாரம்: தலைகீழும் இடைவெளியும்

ஒரு நல்ல கோட்டோவியத்தைப் பிரதி எடுத்து, தலைகீழாகக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். முடியும்வரை யாரும் நிமிர்த்திப் பார்க்கக் கூடாது. தலைகீழாக இருக்கும்போது 'இது மூக்கு, இது கண்' என்ற பெயர்கள் மறந்துபோகின்றன. வெறும் சாய்வும் வளைவும்தான் மிஞ்சுகின்றன. கடைசியில் நிமிர்த்தும்போது வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்பதற்காகவே இதைச் செய்யலாம்.

அடுத்த பாடவேளையில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை மேசைமேல் தூக்கி வையுங்கள். நாற்காலியை வரையக் கூடாது. கால்களுக்கு நடுவிலும், கைப்பிடிக்குக் கீழேயும், முதுகுப் பலகையின் ஓட்டைகளிலும் தெரியும் சுவரைத்தான் வரைய வேண்டும். இடைவெளிகளுக்கு மனத்தில் குறி எதுவும் கிடையாது, அதனால் பார்த்துத்தான் ஆக வேண்டும். இடைவெளிகளை மட்டும் 4பி-யால் கறுப்பாக்கினால் நாற்காலி வெள்ளையாக எழுந்து நிற்கும்.

ஐந்தும் ஆறும்: அளவும் டம்ளரும்

பென்சிலால் அளக்கும் முறையைப் பார்த்திருப்பீர்கள்: கையை நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் முனையைப் பொருளின் உச்சியிலும் கட்டைவிரல் நகத்தை அதன் அடியிலும் பொருத்துவது. பிள்ளைகள் செய்யும் தவறு முழங்கையை மடக்குவது. மடக்கிய அளவு நீட்டிய அளவோடு ஒத்துப்போகாது. முழங்கையைப் பூட்டிவிட வேண்டும், முதுகை அசைக்கக் கூடாது. இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: பென்சிலில் வந்த நீளத்தை அப்படியே தாளில் வைக்கத் தேவையில்லை. 'இந்தத் தண்ணீர்ப் பாட்டிலின் அகலம் அதன் உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது?' என்ற விகிதம்தான் வேண்டும். நிமிர்வு பார்க்க, நூலில் ஒரு ரப்பரைக் கட்டித் தொங்கவிட்டால் கொத்தனாரின் தூக்குக்குண்டு தயார்.

சரி, இப்போது டம்ளர். எவர்சில்வர் டம்ளரை மேசைமேல் வைத்து வரையச் சொன்னால், வாயை முட்டை வடிவில் சரியாகப் போட்டுவிட்டு, அடியை ஸ்கேல் வைத்தது மாதிரி நேர்க்கோடாகப் போடுவார்கள். ஏன்? டம்ளர் சமதளத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை எழுதிவிட்டார்கள்.

டம்ளரைக் கையில் எடுத்து ஒரு மாணவனின் முகத்துக்கு நேரே கொண்டுபோங்கள். விளிம்பு சரியாகக் கண்மட்டத்துக்கு வரும்போது வட்டமே இல்லை, ஒரு கோடுதான். மெல்லக் கீழே இறக்குங்கள். கோடு வாய் திறக்கிறது, ஒல்லியான நீள்வட்டம் ஆகிறது, இறங்க இறங்கப் பருக்கிறது, காலடியில் வைத்தால் கிட்டத்தட்ட முழு வட்டம். அப்படியென்றால் மேசைமேல் இருக்கும் டம்ளரில் எது கண்ணிலிருந்து அதிகம் கீழே இருக்கிறது? அடிப்பகுதி. ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிட இன்னும் கூடுதலாகத் தொங்க வேண்டும். இதை நாமே சொல்லிவிடக் கூடாது. டம்ளரை மேலும் கீழும் இறக்கி ஏற்றிக் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

நீள்வட்டத்தின் இரண்டு ஓரமும் மீன் வாய் மாதிரி கூராகக் கூடாது, வளைந்து திரும்ப வேண்டும். நிமிர்ந்து நிற்கும் பாத்திரத்துக்கு நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால், நீள்வட்டத்தின் நீண்ட அச்சு அதற்குச் செங்கோணத்தில் இருக்க வேண்டும். டம்ளர் பழகிவிட்டால் சொம்பு, குடம், வாளி எல்லாம் இதே நீள்வட்டங்களின் அடுக்குத்தான். அரசு தொழில்நுட்பத் தேர்வில் மாடல் டிராயிங் எழுத நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு வாரம் கைகொடுக்கும்.

ஏழும் எட்டும்: ஒளியும் நிழலும்

டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். நாலு பக்கமும் வெளிச்சம் வந்தால் நாலு பக்கமும் நிழல் விழுந்து குழப்பும். ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்தாலே போதும், இருட்டான அறை என்றால் ஒரு டார்ச்.

முதலில் ஐந்து கட்டம் போட்டு, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து படியாக ஏற்றச் சொல்லுங்கள். பெரும்பாலோர் நடுச் சாம்பலோடு நின்றுவிடுவார்கள், கறுப்பைத் தொடவே பயம். அழுத்திப் போட்டால்தான் வெள்ளைக்கு வெளிச்சம் வரும் என்று காட்டுங்கள்.

பிறகு ஒரு முட்டை. சத்துணவுக் கூடம் இருக்கும் பள்ளியில் இது சிரமமே இல்லை. வெள்ளைத் தாளின் மேல் வைத்து, கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி மூடினால் விவரம் மங்கி, வெளிச்சம் எங்கே நிற்கிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் தெரியும். வெளிச்சம் நேராக விழும் இடம், அதிலிருந்து மெல்லச் சாம்பலாகும் இடம், முட்டையிலேயே மிகவும் இருண்ட பட்டை, அப்புறம்தான் பலரும் தவறவிடும் இடம்: இருண்ட பட்டைக்குக் கீழே, தரையை ஒட்டி, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பும் ஒளியால் விளிம்பு கொஞ்சம் வெளுத்திருக்கும். முட்டைக்குக் கீழே ஒரு கறுப்புத் துணியை நுழைத்தால் அந்த வெளுப்பு அடங்கிவிடும், துணியை உருவினால் திரும்பி வரும். இரண்டு மூன்று முறை செய்து காட்டுங்கள். பிறகு மறக்க மாட்டார்கள். கடைசியாகத் தரையில் விழும் நிழல். முட்டை தாளைத் தொடும் இடத்தில்தான் அது மிகக் கறுப்பு.

விரலால் தேய்த்து வழவழப்பாக்குவதைத் தடுத்துவிடுங்கள். தேய்த்த நிழல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பிள்ளை எதையும் தீர்மானிக்காமலேயே தப்பித்துவிடுகிறது. பொருளின் வளைவோடு ஓடும் கோடுகளாலேயே நிழல் ஏறட்டும். இந்த இடத்தில் ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்த படங்களைக் காட்டுவேன். கல்லில் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பது வரை அதில் சொல்ல முடியும்.

ஒன்பதும் பத்தும்: வராண்டா

பெர்ஸ்பெக்டிவ் பாடத்தை, அதாவது தூரம் போகப் போகச் சுருங்கித் தெரிவதை வரையும் பாடத்தை, ஸ்கேலோடு தொடங்கினால் கணக்குப் பாடம் ஆகிவிடும். வகுப்பு ஜன்னலில் கண்ணாடி இருந்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் புரொஜெக்டரில் வைக்கும் ஓ.எச்.பி. ஒளிபுகும் தாளையோ, அட்டைச் சட்டத்தில் ஒட்டிய தெளிவான பிளாஸ்டிக் தாளையோ பயன்படுத்தலாம். ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல், வெளியே தெரியும் கட்டடத்தின் விளிம்புகளை மார்க்கரால் கண்ணாடியிலேயே இழுக்க வேண்டும். புதிய வித்தை ஒன்றும் இல்லை. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525இல் வெளியிட்ட நூலில், கண்ணாடிச் சட்டத்தின் வழியே எதிரே இருப்பவரைப் பார்த்து வரையும் ஓவியனின் படமே இருக்கிறது.

கண்ணாடியில் வந்த கோடுகளை நீட்டிப் பார்த்தால், நிஜத்தில் ஒன்றுக்கொன்று இணையான கூரை விளிம்பும் திண்ணை விளிம்பும் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளி அவர்கள் கண்மட்டத்தில் இருக்கும். உட்கார்ந்து ஒரு முறை, பெஞ்சு மேல் நின்று ஒரு முறை செய்தால் புள்ளியும் கூடவே இறங்கி ஏறுவது புரியும். அதன் பிறகு வராண்டாவுக்குப் போய், தூண்களை நேரில் பார்த்து வரையட்டும். தூரத்துத் தூண்களுக்கு இடையிலான இடைவெளி சுருங்குவதை இடைவெளி பார்க்கும் பழைய பயிற்சியே காட்டிக்கொடுத்துவிடும்.

பதினொன்றாம் வாரம்: ஆட்கள்

ஒரு வாரத்தில் மனித உருவம் வந்துவிடாது, அறிமுகம் போதும். விருப்பப்பட்டு வரும் மாணவர் ஒருவர் முன்னால் நிற்க, முப்பது வினாடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று வேகப் படங்கள். யாரையும் வற்புறுத்தி நிறுத்த வேண்டாம். முதலில் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரே கோடு, பிறகு மற்றவை. முகத்துக்கு ஒரு செய்தி மட்டும்: கண்கள் தலையின் உயரத்தில் பாதியில் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாரும் நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். பென்சிலால் பக்கத்து ஆளை அளந்து அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

திருத்துவது எப்படி

பிள்ளையின் தாளில் நீங்கள் ஒரு கோடுகூடப் போடாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்பேன். மாஸ்டர் திருத்திய கண் மட்டும் பளிச்சென்று நிற்கும், மீதிப் படம் அதன் முன்னால் கூசிப்போகும். பிள்ளை அந்தப் படத்தைத் தன்னுடையது என்று இனிச் சொல்லாது. காட்ட வேண்டியதை உங்கள் தாளில் தனியாக வரைந்து காட்டுங்கள்.

"நல்லா இருக்கு" என்பதும் உதவாது. கேள்வியாகக் கேளுங்கள். "இந்தக் கைப்பிடி டம்ளரின் எந்த உயரத்தில் தொடங்குகிறது? இன்னொரு தடவை பார்." பிள்ளை தாளை விட்டுப் பொருளைத் திரும்பிப் பார்த்துவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

ஒவ்வொரு வகுப்பிலும் நடிகர் படத்தைக் கட்டம் போட்டு அச்சு அசலாக வரைகிற ஒருவர் இருப்பார். வகுப்பே அவரைக் கொண்டாடும். அவர் பொறுமையையும் கைநயத்தையும் மனமாரப் பாராட்டுங்கள். பிறகு தாளைப் பார்க்காமல் கையை வரையும் பயிற்சியில் அவர் தடுமாறும்போது கூடவே இருங்கள். புகைப்படத்தில் ஒளியையும் கோணத்தையும் கேமரா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. நேரில் அதையெல்லாம் தானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்தத் தடுமாற்றம் அவருக்குத்தான் மற்றவர்களைவிடக் கூடுதலாக வலிக்கும்.

மதிப்பெண் போட வேண்டியிருந்தால் அழகுக்குப் போடாதீர்கள். எத்தனை முறை திரும்ப வரைந்தார், சொன்ன பயிற்சியின் நோக்கம் படத்தில் தெரிகிறதா, முதல் வாரத்துக்கும் இப்போதைக்கும் என்ன நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். சுவரில் மாட்டும்போது எல்லாருடையதையும் மாட்டுங்கள்.

பன்னிரண்டாம் வாரம்

டிராயிங் நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள். "உங்கள் இடது கையை மேசைமேல் வைத்துப் பார்த்து வரையுங்கள்." இந்த முறை முழுப் பாடவேளையும் கொடுங்கள், முட்டைக்குப் பார்த்த மாதிரி ஒரே ஜன்னல் வெளிச்சத்தில். முடிந்ததும் பீரோவைத் திறந்து முதல் நாள் தாள்களைப் பெயர் சொல்லி விநியோகியுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் எதுவும் பேச வேண்டாம். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு, புதிய படத்துக்குக் கீழே இன்றைய தேதியை எழுதச் சொல்லுங்கள்.